டிக்கோயாப் பணிமனையின் சுண்ணாம்பு நாள்

2018 ஜூன் 19, செவ்வாய்க்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். வெளியே மழை. வெந்நீரில் குளித்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒரு கோப்பை குடித்தேன். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பொதி கட்டிப் பையில் வைத்தேன். 5.50 பஸ் ஏழு நிமிடம் தாமதம். 6.25க்குப் பணிமனையைத் திறந்து, லொறிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் நான்கு தடங்களின் விளக்குகளையும் போட்டுப் பார்த்தேன், எல்லாம் எரிந்தன. கம்பிரசருக்குள் தேங்கிய தண்ணீரை வடித்தேன். கழிவெண்ணெய் தேங்கும் பிடிகுழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தம். வேலையாட்கள் ஒன்பது பேரும் வந்துவிட்டதை 6.55க்குக் குறித்துக்கொண்டேன்.

அன்றைய நாட்குறிப்பில் அதுவரை ஒரு குறையும் இல்லை. ஏழு மணிக்கு முதல் லொறி வாசலுக்கு வந்ததும் தொடங்கியது.

அதைச் சொல்லுமுன், இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் வேலை செய்த கம்பனி உடப்புசல்லாவைப் பக்கத்தில் புதிதாக ஒரு பணிமனை கட்டப்போகிறது. வரைபடப் பிரிவில் இருந்து இரண்டு பேர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

"சேர், டிக்கோயா வேர்க்சொப்ப மாதிரியா வச்சுத்தான் வரையிறோம். அங்க வேலை மேசையெல்லாம் வாசல்ல இருக்கு. கூரை வாசலுக்கு வெளிய பன்னெண்டு அடி நீட்டிக்கிட்டு நிக்குது. கம்பியூட்டர்ல போட்டா பிழைன்னு காட்டுது. திருத்திடவா?"

திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் என் நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பிறந்தது டிக்கோயாவை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். பத்தொன்பது வயதில் வரைபடம் போடும் பயிற்சிக்குக் கண்டிக்குப் போனேன். அந்த நான்கு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பென்சில் கூராக்கப் படித்தேன், கோட்டை நேராக இழுக்கப் படித்தேன், அடுத்தவர் போட்ட கோட்டை நம்பக் கூடாது என்று படித்தேன். பிறகு முப்பத்திரண்டு வருடம் ஒரே வேலைதான். தோட்டங்களின் தேயிலைக் கொழுந்து லொறி, டிராக்டர், அம்பியூலன்ஸ், தொரைமாரின் ஜீப் இவற்றையெல்லாம் பழுது பார்க்கும் இடங்களைத் திட்டமிட்டுக் கட்டிக் கொடுப்பது. பதினொரு பணிமனைகள் கட்டினேன். ஐம்பத்தைந்தாவது வயதில் விருப்பத்தோடு விலகினேன்.

எனக்கு மேலே இருந்தவர் பண்டார மாத்தயா. எங்கள் கம்பனியின் பொறியியலாளர். ஒல்லியான மனிதர், வருடம் முழுக்க ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தோட்டங்களில் இருந்தே தமிழ் கற்றுக்கொண்ட சிங்களவர். புதிய இடம் ஒன்றைப் பார்க்கப் போனால், ஜீப்பில் இருந்து முதலில் இறங்குவது மடக்கு நாற்காலி ஒன்று. அதை விரித்து நிலத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்துவிடுவார். காலை எட்டில் இருந்து மாலை நாலு வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அந்த நாளில் அளவு நாடாவை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. முதல் தடவை நான் அதைக் கையில் எடுத்தபோது சொன்னார்:

"உள்ள போடுங்க, அருள். மலை எங்கயும் போறது இல்ல தானே. நாளைக்கும் இதே நீளம்தான்."

அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்கு உடப்புசல்லாவையில்தான் புரிந்தது. என் முதல் பொறுப்பு அது. அவருக்கு அந்த வாரம் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். நாற்காலி போட்டு உட்கார எனக்கு வெட்கம். நேரே அளந்து, முளை அடித்து, லொறிக்குக் கீழே ஆள் நின்று வேலை செய்யும் குழியையும் ஒரே நாளில் வெட்டுவித்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் குழி நிறையத் தெளிந்த தண்ணீர். சுற்றிலும் லயத்துப் பெண்கள் குடத்தோடும் துணிமூட்டையோடும் நிற்கிறார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

"நல்லா இருப்பீங்க சாமி. எத்தன வருசமா தண்ணிப் பீலி கேட்டு எழுதிப் போட்டோம். ஒரே நாள்ல வெட்டிக் குடுத்துட்டீங்களே!"

மூன்றாம் நாள் பண்டார மாத்தயா வந்தார். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. நாற்காலியைப் போட்டு அந்தப் பெண்கள் தண்ணீர் எடுப்பதைப் பகல் முழுக்கப் பார்த்தார். கடைசியில், "சரி. இது பீலியாவே இருக்கட்டும். உங்க குழிய நாப்பது அடி மேல வெட்டுங்க" என்றார். குழாய் பதித்து, கல் கட்டி, முறையான பீலியாகவே கொடுத்தோம். என் முதல் கட்டுமானம் எது என்று கேட்டால் நான் பணிமனையைச் சொல்வதில்லை.

நாற்காலி நாள் முடிந்தால் அடுத்தது சுண்ணாம்பு நாள். இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நிலத்தை மட்டப்படுத்திய பிறகு, அத்திவாரம் வெட்டுவதற்கு முன், கட்டப்போகும் கட்டிடத்தை அதே அளவில் நிலத்தில் சுண்ணாம்புத் தூளால் வரைய வேண்டும். சுவர், வாசல், குழி, மேசை, தூண் எல்லாவற்றையும். பிறகு லொறி ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, "வண்டிய உள்ள விடுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். எப்படி விடுவது என்று ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. லொறி வந்து போன பிறகு எந்தக் கோடு சக்கரத்தில் அழிந்திருக்கிறதோ, அந்தச் சுவர் தவறான இடத்தில் இருக்கிறது. பிறகு மெக்கானிக்மாரை விட்டு, கற்பனையில் ஒரு வேலை செய்யச் சொல்ல வேண்டும். அவர்கள் நடந்து நடந்து, சுண்ணாம்பு காலில் ஒட்டி, எங்கெல்லாம் கால்தடம் குவிகிறதோ அங்கேதான் மேசையும் விளக்கும் வர வேண்டும். இவ்வளவையும் பார்த்துத் திருத்திய பிறகே தளப் பதிவேட்டில் "சுண்ணாம்பு நாள்: முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டின் பிரதி ஒன்று தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

நுவரெலியாவில் ஒரு சுண்ணாம்பு நாளில், நான் வரைந்த அலுவலக அறைக்குள் மூன்று லொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து புறப்பட்டன. சாரதிமார் மூன்று பேரும் மிகவும் திருப்தியாக இருந்தார்கள். அலுவலகத்தை இடம் மாற்றினேன்.

இனி டிக்கோயா. எங்கள் தோட்டத் தொகுதியில் கொழுந்து லொறிகள் இருபத்திரண்டு. அதுவரை தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு தகரக் கொட்டகையில் பழுது பார்த்து வந்தோம். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர நான்கு தடங்களோடு ஒரு பணிமனை என்று முடிவானது. 2017 நவம்பரில் நிலத்தை மட்டப்படுத்தினோம். சுண்ணாம்பு நாள் வைத்தேன். பகல் ஒரு மணிக்கு மழை வந்து முழுக்கட்டிடமும் வாய்க்காலில் பால் மாதிரி ஓடியது. இரண்டாம் நாள் காலையிலேயே வரைந்தேன். லொறி வருமுன் மழை வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. அன்றைய என் நாட்குறிப்பு: "மூன்றாம் முறையும் கரைந்தது. நாளை மறுபடி."

மறுநாளும் மழை. சீமெந்து வந்து இறங்கிவிட்டது, மண் வெட்டும் இயந்திரம் வாடகைக்கு நிற்கிறது. நான் லொறியின் கைநூலை எடுத்து, அதில் உள்ள திரும்பும் வட்டத்தை வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். எல்லாம் பொருந்தியது. அன்று மாலை பதிவேட்டில் எழுதினேன்: "சுண்ணாம்பு நாள்: முடிந்தது." கையெழுத்தும் போட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்ப் பதிவு அது. கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக விழுந்திருக்கிறது.

கட்டிடம் ஜூனில் முடிந்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. ஜூன் 20ஆம் திகதி பொது முகாமையாளர், எங்கள் ஆட்களின் பேச்சில் பெரிய தொரை, ஒன்பது மணிக்கு வருவார். காலை ஏழில் இருந்து மாலை நாலுக்குள் எட்டு லொறிகளுக்குச் சேர்விஸ் முடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் இருபத்திரண்டு லொறிகளின் பராமரிப்பும் வெளியே ஒரு தனியார் கராஜுக்குப் போய்விடும். ஒன்பது பேரையும் கீழ்நாட்டுத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். 19ஆம் திகதி, நாங்களாகவே வைத்துக்கொண்ட ஒத்திகை.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஸ்டெல்லா. பெட்டரி, ஸ்டார்ட்டர், டைனமோ எல்லாம் அவர் கையில். எங்கள் தொகுதியில் அந்த வேலை செய்த ஒரே பெண். இரண்டு பிள்ளைகள் டிக்கோயாவில் படிக்கிறார்கள், கணவர் அங்கே தொழிற்சாலையில். இடமாற்றம் வந்தால் வேலையை விடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அதை அவர் சுற்றி வளைக்காமல் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஏழு மணிக்கு வந்த முதல் லொறி மாரிமுத்தண்ணனுடையது. சாரதிமாருக்கெல்லாம் மூத்தவர், நான் லயத்தில் காற்சட்டையோடு ஓடித் திரிந்த காலத்திலேயே லொறி ஓட்டியவர். வாசலுக்கு நேரே வந்தார், நின்றார், திருப்பினார், பின்பக்கத்தை உள்ளே விட்டார். லொறியின் முகம் வெளியே பார்த்தபடி நின்றது. அடுத்த மூன்று லொறிகளும் அப்படியே. நாலும் அணிவகுப்பு மாதிரி முற்றத்தைப் பார்த்து நின்றன.

நான் வரைந்திருந்தது முகம் உள்ளே போகும் கட்டிடம். கைநூலில் இருந்த படம் அப்படித்தான். எஞ்சின் பின்சுவரை ஒட்டி நிற்கும். அதனால் மேசை, காற்றுக் குழாய், கைவிளக்குக்கு மின்சாரம் எல்லாவற்றையும் பின்சுவரில் வைத்திருந்தேன். இப்போது எஞ்சின்கள் வாசலில். கூரை வாசலுக்கு வெளியே இரண்டே அடி. டிக்கோயாவின் ஜூன் மழை நேராக விழுவதில்லை, படுத்துக்கொண்டு வரும். மூடியைத் திறந்த நாலு எஞ்சின்களும் நனைந்தன.

ஸ்டெல்லா ஒரு ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்குள் மேசைக்கு எத்தனை முறை போய் வருகிறார் என்று எண்ணினேன். பதினான்கு முறை, போக இருபத்தெட்டு அடி, வர இருபத்தெட்டு அடி. காற்றுக்குழாய் இருபத்தைந்து அடியோடு நின்றுவிட்டது.

மாரிமுத்தண்ணன் கூரைக்குக் கீழே, லொறியின் வால் பக்கம், நனையாத இடத்தில் நின்று பீடி பற்றவைத்தார்.

"என்னா சேர், எஞ்சின மழையில குளிப்பாட்டுறீங்க, பின்டயருக்கு லைட் போட்டு ஜோடிச்சு வச்சிருக்கீங்க. இது என்னா புது மொறை?"

"அண்ணே, முகத்த உள்ள விட்டு நிப்பாட்டணும். அப்படித்தான் கட்டியிருக்கு."

"மொகத்த உள்ள விட்டா?" அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். "எந்த டைவருங்க மலையில மொகத்த உள்ள விடுவான்?"

"ஏன், விட்டா என்ன?"

"இங்க வர்ற வண்டி எல்லாம் என்னா வண்டி? கெட்டுப்போன வண்டி தானே? திரும்பி வெளிய போறப்போ ஸ்டார்ட் ஆகும்னு கெரண்டி குடுக்கிறது யாரு? நீங்களா?"

பக்கத்தில் நின்ற சாரதிமார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது எனக்குப் பிறந்த நாளில் இருந்து தெரிந்த விஷயம். குளிரில் பெட்டரி இறங்கிவிடும். அதனால் தோட்டத்தில் எல்லாரும் லொறியைச் சரிவைப் பார்த்து முகம் வைத்துத்தான் நிறுத்துவார்கள். சக்கரத்துக்கு ஒரு கல். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கல்லை எடுத்து, இரண்டாம் கியரில் போட்டு, இறக்கத்தில் உருளவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அப்படி, கடைத்தெருவில் அப்படி, கோவில் திருவிழாவில் அப்படி. ஐம்பது வருடம் கண்ணால் பார்த்ததை, கைநூலில் இருந்த ஒரு படத்துக்காக மறந்திருந்தேன்.

ஆனாலும் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் கட்டளையிட்டேன். "இன்னைக்கு ஒரு நாள் நான் சொல்றபடி விடுங்கண்ணே."

"சரி தம்பி. நீங்க சொல்றீங்கன்னு விடுறேன்," என்றார். சேர் போய்த் தம்பி வந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

அவர் லொறியின் முகம் உள்ளே போனது. வேலையும் வேகமாக நடந்தது. ஸ்டெல்லாவுக்கு மேசை மூன்றடியில். 10.20க்கு முடித்துவிட்டார்கள். திரும்பப் பூட்டிய ஸ்டார்ட்டர் ஒரு முறை உறுமி நின்றுவிட்டது. உள்ளே இன்னொரு பழுதும் இருந்திருக்கிறது. லொறி நகரவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து முகத்தைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினோம். வாசலைத் தாண்டியதும் முற்றத்தின் சரிவு தொடங்குகிறது. எஞ்சின் ஓடாத லொறிக்குப் பிரேக்கும் அரைப் பிரேக்தான். மாரிமுத்தண்ணன் கண்ணாடியைப் பார்த்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, மூடுபனிக்குள் பின்பக்கமாகவே மெல்ல மறைந்தார். ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பின்சக்கரம் இரண்டும் முற்றத்துக்குக் கீழே தேயிலை வரிசைக்குள் இறங்கி நிற்கின்றன. அவர் கதவைத் திறந்து, சாவகாசமாக இறங்கினார்.

"சேர், கொழுந்து ஏத்த நேரா தேயிலைக்கே கொண்டாந்து விட்டுட்டேன். ஆளுங்கள வரச் சொல்லுங்க."

யாருக்கும் அடிபடவில்லை. செடி ஏழு முறிந்தது. டிராக்டர் கட்டி இழுத்து எடுக்க ஒரு மணி பத்து நிமிடம் போனது. பகல் பன்னிரண்டுக்குக் கணக்கு: முழுதாக முடிந்த லொறி ஒன்று.

12.15க்குத் தலைமை அலுவலகத்தில் இருந்து தொலைபேசி. லிகிதர் ஒருவர் பேசினார். "காலையில எத்தன முடிஞ்சுது?" சொன்னேன். தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பதிவேட்டுப் பிரதி என் முன்னால இருக்கு. இடத்த சோதிச்சுப் பார்த்துதான் கட்டியிருக்கு, கையெழுத்தும் இருக்கு. அப்ப கட்டிடத்துல பிழை இல்ல, ஆட்கள்தான் மந்தம். பெரிய தொரைக்கு அப்படியே சொல்லவா?"

"பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துத் திரும்பினால், ஸ்டெல்லா கையைத் துடைத்தபடி நிற்கிறார். ஒரு பக்கத்துப் பேச்சே அவருக்குப் போதுமாக இருந்தது.

"எங்களத்தான் சொல்றாங்களா சேர்?"

நான் நாட்குறிப்பைப் புரட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, மழைக்குள் எஞ்சினிடம் போய்விட்டார்.

1.40க்குப் பண்டார மாத்தயாவின் ஜீப் வந்தது. மறுநாள் வருகைக்காக ஒரு நாள் முன்பே நுவரெலியாவில் இருந்து வந்திருந்தார். நாற்காலி இறங்கியது. முதலாம் தடத்தின் வாசலில் விரித்து உட்கார்ந்து, இருபது நிமிடம் பார்த்தார். எனக்கு அது எட்டு மணி நேரம்.

"அருள், சுண்ணாம்பு நாள் எப்ப வச்சீங்க?"

"வைக்கல மாத்தயா. மூணு தடவ மழையில கரைஞ்சிட்டு. வச்சேன்னு எழுதிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு பிரசங்கத்துக்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டு நின்றேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இங்க உள்ள மழை இல்ல தானே. இப்ப வைப்போம்."

"கட்டிடம் முடிஞ்சிட்டே, மாத்தயா."

"கட்டிடம் முடிஞ்சிட்டு. மேசை முடியல்ல. மேசைக்கு நாலு போல்ட் மட்டும்தான்."

சுண்ணாம்பு மூட்டை வந்தது. நான்கு தடங்களின் தரையிலும் வாசற்பக்கம் தூவினோம். அவர் மாரிமுத்தண்ணனைக் கூப்பிட்டார். "வண்டிய உள்ள விடுங்க. உங்களுக்கு இஷ்டமான மாதிரி."

"அட! இந்த வார்த்தைய ஒருத்தர் முந்தியே சொல்லியிருந்தா ஏழு தேயிலைச் செடி உசுரோட இருந்திருக்கும்" என்றபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஏறினார். பின்பக்கமாக ஒரே எட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்; சக்கரம் குழியின் விளிம்பில் இருந்து இரு பக்கமும் ஒரே அளவு தூரம். அளந்து பார்த்தேன். மூன்றரை அங்குலம், மூன்றரை அங்குலம்.

பிறகு மெக்கானிக்மார். கால் மணி நேரத்தில் தரையில் எல்லாம் தெரிந்தது. எஞ்சினில் இருந்து பின்சுவர் மேசைக்கு ஒரு வெள்ளை ஒற்றையடிப் பாதை, மலைக் குறுக்குவழி போல. வாசல் தூணருகே கால்தடம் குவிந்து தரையே தெரியவில்லை. ஸ்டெல்லா அந்தக் குவியலின் நடுவில் போய் நின்று, கையை நீட்டி, "மேசை இங்க வேணும் மாத்தயா. என்னோட இடது கைப் பக்கம். வலது கைக்குக் காத்துக்குழாய்" என்றார்.

"எத்தன அடி உயரம்?"

"இவங்க ஒசரத்துக்கு வச்சதுல எனக்குத் தோள்பட்டை போச்சு. ரெண்டு அங்குலம் கீழ."

பண்டார மாத்தயா என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டேன்.

2.30க்கு ஆரம்பித்தோம். மேசைகளின் போல்ட்டைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுவந்து, கால்களை இரண்டு அங்குலம் அறுத்துப் பூட்டினோம். தொழிற்சாலைக் களஞ்சியத்தில் இருந்து குழாய் வாங்கிக் காற்று இணைப்பை முன்னுக்கு நீட்டினோம். கூரைக்குத்தான் வழி தெரியவில்லை. மாரிமுத்தண்ணன் போய், சாரதிமாரோடு திரும்பி வந்தார். ஆளுக்கொரு கொழுந்து லொறித் தார்ப்பாய் தோளில். "கொழுந்து நனையாம காப்பாத்துற துணி. எஞ்சின காப்பாத்தாதா?" டர்பன்டைன் மரக் கம்பங்கள் எட்டு நட்டு, கூரை விளிம்பில் இருந்து மேலும் பத்து அடிக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். தண்ணீர் வழிய ஒரு பக்கம் தாழ்த்தி. குழிக்கு இறங்கும் படிகளை மட்டும் மாற்ற முடியவில்லை. அவை இன்றைக்கும் தவறான முனையில்தான் இருக்கின்றன. இறங்கி, குனிந்து, முன்னால் நடக்க வேண்டும். அதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நியாயம்தான்.

5.45க்கு வேலை முடிந்தது. நாற்காலியை மடக்கும்போது பண்டார மாத்தயா சொன்னது ஒன்றுதான். "பதிவேடு உங்கட. நான் அதுல எழுத மாட்டேன்."

மறுநாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது லொறி 3.50க்கு வெளியே போனது. மூன்று லொறிகள் ஸ்டார்ட் ஆகாமல் சரிவில் உருண்டுதான் உயிர் பெற்றன. முகம் முன்னால் இருந்ததால் யாரும் அதை ஒரு நிகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய தொரை பதிவேட்டை நின்றபடியே நெடுநேரம் வாசித்தார்; பிறகு தார்ப்பாயை அண்ணாந்து பார்த்து, இதைத் தகரத்தில் போடுங்கள் என்றார். செப்டெம்பரில் போட்டோம். ஒன்பது பேரும் அங்கேயே இருந்தார்கள். ஸ்டெல்லா இப்போது அந்தப் பணிமனைக்கு மேற்பார்வையாளர். எனக்கு இரண்டு வரியில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோப்பில் வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இல்லாத நல்ல கடிதம்.

ஆனால் இவையெல்லாம் பின்னால். ஜூன் 20, புதன்கிழமை காலை 6.20க்குப் பணிமனையைத் திறந்ததும் முதலில் செய்த வேலை விளக்குப் போட்டது அல்ல. பதிவேட்டை எடுத்து வாசல் மேசையில் வைத்து, நவம்பர்ப் பக்கத்தைத் திறந்து, "சுண்ணாம்பு நாள்: முடிந்தது" என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். கீழே எழுதினேன்: "அன்று வைக்கப்படவில்லை. கட்டிடம் முடிந்த பின் ஜூன் 19இல் வைக்கப்பட்டது. தாமதம் ஆட்களால் அல்ல, வரைபடத்தால். பிழை என்னுடையது." திகதி போட்டுக் கையெழுத்திட்டேன். பிறகு தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அதே லிகிதருக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

தொலைபேசியை வைத்தபோது ஸ்டெல்லா என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே மாரிமுத்தண்ணனின் லொறி முற்றத்தில் திரும்பும் சத்தம்.

"இப்படிப் போட்டா எங்க மேல வராது தானே?"

"வராது."

"ஒங்க மேல?"

"வரும்."

 அவர் பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"அப்ப சரி. கொஞ்சம் தள்ளுங்க சேர், அண்ணன் வண்டிய உள்ள விடுறாங்க. இந்த மேசை எனக்கு வேணும்."